மிதிப்பது யார்?

பள்ளிக்கூட நாட்களில் என் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு டைனமோ இருந்தது. சின்ன மருந்துச் சீசா அளவுதான் இருக்கும். டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும்போது அதைத் தட்டிவிட்டால், அதன் தலை டயரில் போய் ஒட்டிக்கொள்ளும். கர்ரென்று சத்தம் கிளம்பும், முன்னால் விளக்கு எரியும். அதுவரை லேசாகச் சுற்றிக்கொண்டிருந்த பெடல் அந்தக் கணமே கனத்துவிடும். எதிர்காற்றில் மிதிப்பதுபோல் இருக்கும். மேடு வந்து வேகம் குறைந்தால் விளக்கும் மங்கும். எழுந்து நின்று அழுத்தி மிதித்தால் மறுபடி பளிச்சென்று எரியும்.

எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு யோசனை வந்தது. டைனமோவின் மின்சாரத்தை விளக்குக்குக் கொடுக்காமல் ஒரு மோட்டாருக்குக் கொடுத்தால் என்ன? மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் டைனமோவைச் சுற்றும், டைனமோ மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும். ஒருமுறை தள்ளிவிட்டால் போதும், காலை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றலாம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். எனக்கு முன்னால் இதே படத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் வேறு வேறு பொருட்களைக் கொண்டு வரைந்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது.

பாதரசச் சக்கரம்

இந்தக் கனவின் மிகப் பழைய பதிவுகள் இந்தியாவிலேயே கிடைக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் பாதரசம் அடைத்த சக்கரம் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். 1150-இல் 'சித்தாந்த சிரோமணி'யை எழுதிய பாஸ்கராச்சாரியர் அதை இன்னும் விளக்கமாகச் சொல்கிறார். லேசான மரத்தில் ஒரு சக்கரம். அதன் ஆரங்கள் உள்ளே குழல்போலக் குடைந்தவை, ஒரே பக்கமாகச் சற்று வளைந்தவை. ஒவ்வொரு குழலிலும் பாதியளவு பாதரசம் ஊற்றி வாயை அடைத்துவிட வேண்டும். இரு தாங்கிகளுக்கு நடுவே அச்சில் பொருத்தினால் சக்கரம் தானாகச் சுற்றும் என்றார் அவர். ஆரங்கள் வளைந்திருப்பதால் ஒரு பக்கம் பாதரசம் விளிம்புக்கு ஓடும், மறுபக்கம் அச்சை நோக்கி ஒதுங்கும். விளிம்புக்கு ஓடிய பக்கம் எப்போதும் கனமாக இருக்கும் என்பது எண்ணம்.

ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டில் வில்லார் த ஒன்கூர் என்ற பிரெஞ்சுக்காரர், விளிம்பில் ஏழு சுத்தியல்கள் தொங்கும் சக்கரம் ஒன்றைத் தன் வரைபடச் சுவடியில் வரைந்தார். லியனார்டோ டாவின்சியும் இப்படிப்பட்ட சக்கரங்களை வரைந்து பார்த்தார். இவை வேலை செய்யா என்ற முடிவுக்கும் வந்தார். 1618-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஃப்ளட் நீரால் ஓடும் மாவரைக்கும் ஆலை ஒன்றின் படத்தை வெளியிட்டார். மேலே இருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் மாவும் அரைக்கும், ஒரு திருகுக் குழாயையும் சுற்றும், திருகு அதே நீரை மேலே ஏற்றும். டைனமோவுக்குப் பதில் தண்ணீர். மற்றபடி அது என் கணக்கு நோட்டுப் படமேதான்.

இவர்கள் யாரும் முட்டாள்கள் அல்லர். பாஸ்கரர் அந்த நூற்றாண்டின் மாபெரும் கணித மேதை. அப்படிப்பட்டவரையும் ஏமாற்றிய அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

வில்லாரின் சுத்தியல் சக்கரத்தைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் கீழிறங்கும் குண்டுகள் கை நீட்டியதுபோல அச்சிலிருந்து தள்ளி நிற்கின்றன. இடப்பக்கம் மேலேறும் குண்டுகள் மடங்கி அச்சுக்கு அருகில் இருக்கின்றன. தள்ளி நிற்கும் குண்டுக்குத் திருப்பும் பலம் அதிகம். ஏற்றப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்த குழந்தை நடுவில் உட்கார்ந்த பெரியவரைத் தூக்கிவிடுவதுபோல. எனவே வலப்பக்கம் வெல்ல வேண்டும். கண் இதை மட்டுமே பார்க்கிறது. இனி குண்டுகளை எண்ணிப் பாருங்கள். குண்டுகள் நீட்டி நிற்கும் வலப்பக்கத்தில் எண்ணிக்கை குறைவாக இருக்கும். மடங்கி நெருங்கிக் கிடக்கும் இடப்பக்கத்தில் அதிகமாக இருக்கும். எளிய கணக்காகச் சொன்னால், வலப்பக்கம் 3 குண்டுகள் 4 சாண் தூரத்தில் இருந்தால் இடப்பக்கம் 4 குண்டுகள் 3 சாண் தூரத்தில் இருக்கும். மூநான்கும் பன்னிரண்டு, நாமூன்றும் பன்னிரண்டு. சக்கரம் நின்றுவிடுகிறது.

எத்தனை விதமாக வளைத்தாலும், பாதரசத்துக்குப் பதில் காந்தமோ மணலோ வைத்தாலும் இந்தச் சமன் மாறுவதில்லை. ஒரு முழுச் சுற்று முடியும்போது ஒவ்வொரு குண்டும் புறப்பட்ட உயரத்துக்கே திரும்பி வந்திருக்கும். இறங்கும்போது புவியீர்ப்பு எவ்வளவு கொடுத்ததோ, ஏறும்போது அவ்வளவையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். போன வழி நேரோ வளைவோ, அதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. உயரத்தை மட்டும் பார்த்துக் கணக்கு முடிக்கும் கறாரான கடன்காரர் அது. வரவும் செலவும் நேராகிவிட்ட பிறகு மாவு அரைப்பதற்கு என்ன மிஞ்சும்? அச்சின் உராய்வுக்குக் கொடுக்கக்கூட எதுவும் மிஞ்சாது.

தோல்வியைக் கருவியாக்கியவர்

1586-இல் நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின் இந்தக் கனவைத் தலைகீழாகப் பிடித்தார். எனக்கு அறிவியல் வரலாற்றில் மிகவும் பிடித்த படங்களில் ஒன்று அவர் வரைந்தது. ஒரு முக்கோணக் கட்டை, அதன் ஒரு சரிவு மற்றதைப் போல இரு மடங்கு நீளம். அதன் மேல் 14 குண்டுகள் கோத்த ஒரு மாலையைப் போடுகிறார். நீளச் சரிவில் 4 குண்டுகள், குட்டைச் சரிவில் 2, மீதி 8 கீழே வளைந்து தொங்குகின்றன.

மாலை எந்தப் பக்கம் நகரும்? நான்கு குண்டுகள் உள்ள பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குண்டு இடம் தள்ளி நகர்ந்தால் அந்த இடத்துக்கு அடுத்த குண்டு வந்துவிடும். படம் பழையபடியே இருக்கும். அப்படியானால் மறுபடியும் நகர வேண்டும், மறுபடியும், மறுபடியும். மாலை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நடக்காது என்பது ஸ்டெவினுக்கு உறுதி. ஆகவே மாலை அசையாது. கீழே தொங்கும் எட்டும் இருபுறமும் சமமாக இழுப்பதால் அவற்றை வெட்டி எறிந்துவிடலாம். மேலே 4 குண்டுகளும் 2 குண்டுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு எடையை அதில் வைத்தால் சமநிலை கிடைக்கும் என்ற விதி, ஓர் அளவுகோலும் தராசும் இல்லாமல் பிறந்துவிட்டது.

நூற்றாண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்த ஒன்றை, 'இது நடக்காது' என்று உறுதியாக ஏற்றுக்கொண்டதால் கிடைத்த விளைச்சல் இது. அந்தப் படத்தை ஸ்டெவின் தன் நூலின் முகப்பிலேயே அச்சிட்டார். பெருமைப்பட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

பரணில் ஒரு கிழவர்

ஆனால் கனவு அடங்கவில்லை. ஜெர்மனியில் யோகான் பெஸ்லர் என்பவர் ஆர்ஃபிரியஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு தானே சுற்றும் சக்கரங்களைக் காட்டினார். 1717-இல் ஹெஸ்ஸெ-காசெல் சிற்றரசரின் கோட்டையில் சுமார் 12 அடி அகலமுள்ள சக்கரத்தைச் சுழலவிட்டு அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். வாரங்கள் கழித்துத் திறந்தபோதும் அது சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் உள்ளே பார்க்க மட்டும் பெஸ்லர் யாரையும் விடவில்லை. 1721-இல் ஸ்கிராவெசாண்டெ என்ற டச்சு அறிஞர் அச்சை உன்னிப்பாக ஆராயத் தொடங்கியதும், பெஸ்லர் சினந்து சக்கரத்தை உடைத்தெறிந்தார். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் சுற்றினார்கள் என்று அவர் வீட்டுப் பணிப்பெண் பின்னர் வாக்குமூலம் கொடுத்தார்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் தெளிவான கதை. 1813-இல் நியூயார்க்கில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு தன் எந்திரத்தைக் காட்டினார். பார்க்க வந்தவர்களில் ஒருவர், நீராவிக் கப்பலைத் தொழிலாக நடத்திக் காட்டிய ராபர்ட் ஃபுல்டன். எந்திரங்களோடே வாழ்ந்த அந்த மனிதர் கண்ணைவிடக் காதைத்தான் நம்பினார். சக்கரத்தின் சத்தம் ஒரே சீராக இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் தயங்கியும் வந்தது. கைப்பிடியைக் கையால் சுற்றும்போதுதான் அப்படி வரும். சுவரோடு எந்திரத்தை இணைத்திருந்த மெல்லிய மரச் சட்டங்களை அவர் தட்டிப் பெயர்த்தார். உள்ளே நரம்புக் கயிறு ஒன்று ஓடியது. அது போன வழியே போனால் மேலே பரண். அங்கே தாடி வளர்ந்த ஒரு கிழவர், ஒரு கையில் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே மறு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் ரெட்ஹெஃபரைவிட அந்தக் கிழவர்தான் என் மனதில் நிற்கிறார். ஓயாமல் சுற்றுவதாகச் சொன்ன எந்திரத்தின் ஆற்றல், அவர் கையிலிருந்த ரொட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. சும்மா சுற்றும் எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மிதிப்பது யார்?

எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். நல்ல கைவினைஞர்கள் பலர் உண்மையிலேயே நம்பி, சொத்தையும் ஆயுளையும் இதில் கரைத்தார்கள். 1775-இல் பாரிஸ் அறிவியல் கழகம் ஓயா இயக்க எந்திரத் திட்டங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று தீர்மானித்தபோது, இந்த ஆசை குடும்பங்களை அழித்திருக்கிறது, நாட்டுக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய திறமைகளை விழுங்கியிருக்கிறது என்பதையும் காரணமாகச் சொன்னது. கதவை மூடிய அந்த அறிவிப்பில் அக்கறையும் இருந்தது.

காணாமல் போவது எங்கே போகிறது?

ஆனால் 1775-இல் ஒரு பெரிய கேள்விக்கு விடை கிடைத்திருக்கவில்லை. சுற்றிவிட்ட சக்கரம் நிற்கிறதே, அதன் ஓட்டம் எங்கே போயிற்று? உராய்வு தின்றுவிட்டது என்று சொல்லலாம். தின்றது எங்கே செரித்தது?

விடையின் முதல் நுனி 1790-களில் மியூனிக்கில் தெரிந்தது. பீரங்கிக் குழல் துளைக்கும் பட்டறையை மேற்பார்த்த ரம்ஃபோர்டு பிரபு, மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளைக் கொண்டு சுற்றவைத்து, தீயே இல்லாமல் தண்ணீரைக் கொதிக்கச் செய்தார். குதிரை நடந்துகொண்டிருக்கும் வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. 1840-இல் டச்சுக் கப்பல் ஒன்றில் மருத்துவராக ஜாவாவுக்குப் போன ராபர்ட் மேயர், மாலுமிகளின் சிரை இரத்தம் அந்த வெப்ப நாட்டில் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டார். உடலைச் சூடாக வைக்கக் குறைவான உணவே எரிகிறது என்று ஊகித்து, வெப்பமும் உழைப்பும் ஒரே நாணயத்தின் மாற்றுகள் என்ற எண்ணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மாற்று விகிதத்தைத் துல்லியமாக அளந்தவர் மான்செஸ்டரின் ஜேம்ஸ் ஜூல். எடைகள் இறங்க, அவற்றின் கயிறு ஒரு பாத்திரத்து நீருக்குள் இருக்கும் துடுப்பைச் சுற்ற, நீரின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று 1840-களில் மீண்டும் மீண்டும் அளந்தார். இன்றைய அளவில் சொன்னால், ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ எடை ஏறக்குறைய 427 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். இவ்வளவு பெரிய உழைப்புக்கு இவ்வளவு சிறிய சூடு. அந்த ஒரு டிகிரியைத் தொட்டுப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. நின்றுபோன சக்கரங்களின் ஓட்டம் எங்கே ஒளிந்தது என்பது இத்தனை நூற்றாண்டுகள் யாருக்கும் தெரியாமல் போனதற்கு இந்த விகிதமும் ஒரு காரணம்.

1847-இல், இருபதுகளில் இருந்த இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து ஆற்றல் அழிவின்மை விதியை எழுதினார். அவர் தொடங்கிய இடத்தைப் பாருங்கள்: ஓயா இயக்க எந்திரம் முடியாது என்பதை முதல் படியாக வைத்துக்கொண்டு மேலே ஏறினார். ஸ்டெவின் முக்கோணக் கட்டையில் செய்ததை இவர் இயற்கை முழுவதற்கும் செய்தார். ஆற்றல் வடிவம் மாறும், கூடாது, குறையாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் மோட்டார் ரீவைண்டிங் கடையில் இந்த விதியை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலம். கடை வைத்திருந்த அண்ணன் யூடியூபில் வீடியோ பார்த்துவிட்டு, ஒரு மோட்டாரையும் கார் ஆல்டர்நேட்டரையும் பெல்ட் போட்டு இணைத்திருந்தார். பேட்டரியால் மோட்டாரைக் கிளப்பி, நல்ல வேகம் வந்ததும் பேட்டரியைக் கழற்றி, ஆல்டர்நேட்டர் மின்சாரத்தையே மோட்டாருக்குத் திருப்பிவிட வேண்டும். செய்தார். சில நொடிகள் ஓடியது. சத்தம் இறங்கியது. நின்றது. மூன்று தடவை பார்த்தோம், மூன்று தடவையும் நின்றது.

"கை வச்சுப் பாருங்க தம்பி" என்றார். மோட்டாரின் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. பெல்ட்டும் பேரிங்கும்கூடச் சூடு. "இங்கதான் உக்காந்திருக்கு" என்றார் அவர், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்தவர் போல.

நூறு பங்கு மின்சாரம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் அதில் எண்பதைச் சுழற்சியாக்கும். ஆல்டர்நேட்டர் அந்த எண்பதில் அறுபது சதவீதத்தை மின்சாரமாக்கும். திரும்பி வருவது 48. அடுத்த சுற்றில் 23, அதற்கடுத்து 11. உலகின் மிகச் சிறந்த மோட்டாரையும் ஜெனரேட்டரையும் வாங்கி மாட்டினாலும் இந்த எண்கள் மெதுவாகக் குறையுமே தவிர, நூறைத் தாண்டாது.

கடலில் இருக்கும் சூடு

ஒரு கெட்டிக்காரர் இங்கே குறுக்கிடலாம். சரி, ஆற்றலை உண்டாக்க முடியாது. ஆனால் நம்மைச் சுற்றிலும் வெப்பம் கொட்டிக் கிடக்கிறதே! கடல்நீரிலிருந்து கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சிக் கப்பலை ஓட்டலாமே. கப்பலுக்குப் பின்னால் கடல் சற்றே குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். வரவு செலவு சரியாகவே இருக்கும், எந்த விதியும் மீறப்படவில்லை.

1880-களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் ஜான் காம்ஜி ஏறக்குறைய இதையே முன்வைத்தார். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும். சாதாரண நீரின் சூடே அதை ஆவியாக்கிப் பிஸ்டனைத் தள்ளும், நிலக்கரியே வேண்டாம் என்றார். அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் பெஞ்சமின் இஷர்வுட் அதை ஆதரித்தார். எந்திரம் ஓடவில்லை. பிஸ்டனைத் தள்ளி முடித்த ஆவி மறுபடி திரவமானால்தானே அடுத்த சுற்று? அதைத் திரவமாக்க அதைவிடக் குளிர்ந்த இடம் வேண்டும். அந்தக் குளிரை உண்டாக்கவே, எந்திரம் கொடுப்பதற்குக் குறையாத உழைப்பைச் செலவழிக்க வேண்டும்.

இதன் வேரை 1824-லேயே 28 வயது பிரெஞ்சு இளைஞர் சாதி கார்னோ கண்டிருந்தார். வெப்பம் வேலை செய்ய வேண்டுமானால் சூடான இடமும் குளிர்ந்த இடமும் இரண்டும் வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விழும் நீர்தான் சக்கரத்தைச் சுற்றும், ஏரியில் தேங்கிய நீர் எவ்வளவு இருந்தாலும் சுற்றாது. எந்த எந்திரமும் தாண்ட முடியாத ஓர் உச்ச வரம்பு உண்டு என்றும் அவர் நிறுவினார். நிறுவிய வழி நமக்கு இப்போது பழக்கமானது: வரம்பைத் தாண்டும் எந்திரம் ஒன்று இருந்தால் அதைக் கொண்டு ஓயா இயக்கம் செய்துவிடலாம், அது முடியாது, ஆகவே வரம்பு உண்டு. அந்த வரம்பை இன்று எண்ணாகச் சொல்லலாம். 327 டிகிரி கொதிகலனுக்கும் 27 டிகிரி வெளிக்காற்றுக்கும் இடையே ஓடும் எந்திரம், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், பெறும் வெப்பத்தில் பாதியை மட்டுமே உழைப்பாக்க முடியும்.

கடலின் வெப்பத்தைப் பயன்படுத்தவே முடியாதா என்றால், முடியும். குளிரையும் கடலிலேயே தேடினால். லட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அமைத்த குடிநீர் ஆலை அப்படித்தான் இயங்குகிறது. வெதுவெதுப்பான மேல்மட்ட நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் நன்னீர் தருமாறு கட்டப்பட்டது. பம்புகளை ஓட்ட அதற்கும் மின்சாரம் வேண்டும். மேலும் கீழும் வெப்பநிலை வேறுபடுவதால்தான் அது நடக்கிறது. அந்த வேறுபாட்டை உண்டாக்கி வைத்திருப்பது வெயில்.

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். வெப்பம் இந்த விஷயத்தில் சொல்லைப் போன்றது. சக்கரத்தின் ஓட்டம் என்பது கோடானுகோடி அணுக்கள் ஒரே திசையில் போகும் ஊர்வலம். உராய்வு அந்த ஊர்வலத்தைக் கலைத்து, ஒவ்வோர் அணுவையும் ஒவ்வொரு பக்கம் அதிரவிடுகிறது. ஆற்றல் அவ்வளவும் அங்கேயே இருக்கிறது. ஆனால் கலைந்த கூட்டம் தற்செயலாக மறுபடி ஒரே திசையில் திரும்பி நடப்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்டச் சுழியம். இந்தக் கலைவின் அளவுக்கு 1865-இல் இயற்பியலாளர் கிளாசியஸ் வைத்த பெயர்தான் என்ட்ரோபி.

1867-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் ஒரு சவால் விட்டார். காற்று நிரம்பிய பெட்டியின் நடுவில் ஒரு தடுப்பு, அதில் ஒரு சின்னக் கதவு, காவலுக்கு அணுக்களைப் பார்க்கக்கூடிய ஒரு குட்டிப் பூதம். வேகமான மூலக்கூறு வந்தால் ஒரு பக்கம் விடும், மெதுவானது வந்தால் மறுபக்கம் விடும். உழைக்காமலேயே ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிரும் உண்டாகிவிடுமே! நூறாண்டுகளுக்கு மேல் இந்தப் பூதம் இயற்பியலாளர்களைத் தூங்கவிடவில்லை. பார்த்ததை அது நினைவில் வைத்தாக வேண்டும், நினைவு நிறைந்ததும் அழித்தாக வேண்டும் என்ற இடத்தில்தான் பிடி கிடைத்தது. ஒரே ஒரு பிட் தகவலை அழிக்கவும் குறைந்தபட்ச வெப்பம் வெளியேறியே தீரும் என்று 1961-இல் ரால்ஃப் லாண்டவர் காட்டினார். மறப்பதற்கும் விலை உண்டு. 2012-இல் பிரான்சின் லியோன் நகரில், நீரில் மிதக்கும் ஒரு நுண்மணியை வைத்து அந்த மிகச் சிறிய வெப்பத்தை அளந்தும் விட்டார்கள். பூதமும் மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

அப்படியானால் நிலா?

கோள்கள் ஓயாமல் சுற்றுகின்றனவே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓடிக்கொண்டிருப்பது வேறு, ஓடிக்கொண்டே வேலை செய்வது வேறு. தடையில்லாத வெளியில் ஓடுவதற்கு எதையும் செலவழிக்க வேண்டியதில்லை. மின்தடையே இல்லாத மீக்கடத்தி வளையத்தில் விட்ட மின்னோட்டமும் ஆண்டுக்கணக்கில் குறையாமல் சுற்றும். ஆனால் அதிலிருந்து ஒரு சின்ன விளக்கை எரித்தாலும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். நிலாவிடமும் நாம் வேலை வாங்குகிறோம். கடல் ஓதம் ஏறி இறங்குகிறது. அதற்கான செலவைப் பூமியின் சுழற்சி கொடுக்கிறது. நம் நாள் மிக மிக மெதுவாக நீள்கிறது, நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது.

1760-களில் லண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரம் ஒன்றைச் செய்தார். காற்றழுத்தம் மாறும்போது பாதரசம் ஏறி இறங்கி அதன் எடையைத் தூக்கிவிடும். இன்றும் கிடைக்கும் 'ஆட்மோஸ்' கடிகாரம் அறையின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே இரண்டு நாள் ஓடும். இவை அழகான கருவிகள், பொய் எதுவும் சொல்லாதவை. மிதிப்பவர் வானிலைக்குள் இருக்கிறார்.

காலையும் மாலையும்

ஆற்றல் ஏன் கூடுவதில்லை என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக ஆழமான விடையைக் கொடுத்தவர் எம்மி நோய்தர். பெண் என்பதால் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முறையான பதவியின்றி, சம்பளமின்றிப் பாடம் நடத்திய கணிதர். 1918-இல் வெளியான அவருடைய தேற்றத்தின்படி, இயற்கையின் விதிகள் காலத்தால் மாறாமல் இருப்பதும் ஆற்றல் மாறாமல் இருப்பதும் ஒன்றையொன்று பிரியாதவை.

இதை ஓர் எளிய கற்பனையில் பார்க்கலாம். புவியீர்ப்பு காலையில் லேசாகவும் மாலையில் கனமாகவும் இருக்கும் ஓர் உலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீரைச் சுலபமாக மேல்தொட்டிக்கு ஏற்றிவிடலாம். மாலையில் திறந்துவிட்டால் அது கூடுதல் வலுவோடு விழும். ஏற்றியதைவிட அதிக ஆற்றல் கிடைக்கும், தினமும் கிடைக்கும். அந்த உலகத்தில் ஓயாமல் சுற்றும் சக்கரம் ஒன்றைச் செய்துவிடலாம். நம் உலகத்தில் சுற்றாமல் இருப்பதற்குக் காரணம், இங்கே நேற்றைய விதியே இன்றும் செல்லும் என்பதுதான். பிரம்மகுப்தர் காலத்தில் விழுந்ததுபோலவே இன்றும் கல் விழுகிறது. நாளைக்கும் அப்படியே விழும் என்று நம்பித்தான் பாலம் கட்டுகிறோம். ஓயா எந்திரம் நமக்குக் கிடைக்காததும், பாலத்தின் மேல் பயமில்லாமல் நடக்க முடிவதும் ஒரே நம்பகத்தின் இரு முகங்கள்.

இன்றும் 'எரிபொருளே வேண்டாத ஜெனரேட்டர்' என்று வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கரண்ட் பில்லைப் பார்த்துக் கலங்குபவர்களின் ஆசை நியாயமானது. அதனால்தான் அவர்கள் பணமும் உழைப்பும் தவறான இடத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது. நம் கூரைக்கு மேலே சூரியன் ஒவ்வொரு நொடியும் தன் நிறையில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாக்கி வீசிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஓயாதது இல்லை. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஆனாலும் மிதிப்பவர் யார் என்று கேட்டால் ஒளிக்காமல் காட்டக்கூடிய பெயர் அது.

அன்று ரீவைண்டிங் கடையில் கிளம்பும் முன், அந்த அண்ணன் ஒரு சின்ன டைனமோவை என் கையில் கொடுத்து, அச்சைச் சுற்றச் சொன்னார். விரலால் சுற்றினேன், சுலபமாகச் சுற்றியது. பிறகு அதிலிருந்து வந்த இரண்டு ஒயர்களின் நுனியையும் சேர்த்து முறுக்கிவிட்டு, "இப்பச் சுத்துங்க" என்றார். அச்சு தேனில் மூழ்கியதுபோல் இறுகிவிட்டது. உள்ளே எதுவும் உரசவில்லை. மின்சாரம் ஓடத் தொடங்கியதும், அதை ஓடவைத்த அசைவையே அது எதிர்த்தது. 1834-இல் லென்ஸ் கண்டு சொன்ன விதி என் விரல் நுனியில் அழுத்திக்கொண்டிருந்தது. ஒயரைப் பிரித்தார், அச்சு மறுபடி லேசானது.

எட்டாம் வகுப்பில் பெடல் கனத்தபோது டைனமோ பழசாகிவிட்டது என்று நினைத்து அதற்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். என் காலில் கூடிய அந்தக் கனம்தான் சாலையில் வெளிச்சமாக விழுந்துகொண்டிருந்தது.